பூச்சி எதைத் தின்றது? கெக்கோ இரை பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டில் வளர்க்கும் கெக்கோ பல்லிகளுக்கான கூண்டு, சூடு, ஈரப்பதம் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் முக்கால்வாசி இரையைப் பற்றிக் கேட்டவை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்க்காரர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள். அதில் வியப்பில்லை. உப்புக்காற்று, புழுக்கம், கொசு மூன்றும் சேர்ந்த இடத்தில், வேறு ஊர்க்காரர்கள் சொல்லும் முறைகள் பாதிக்கு மேல் செல்லுபடியாகாது. அநேகம் பேர் வைத்திருப்பது லெப்பர்ட் கெக்கோ என்பதால் கீழே உள்ள அளவுகள் அதற்குரியவை.

என் மகன் மூன்று மாத லெப்பர்ட் கெக்கோ வாங்கி வந்திருக்கிறான். கடைக்காரர் ஒரு டப்பா மீல்வார்ம் புழு கொடுத்து, "இதுவே போதும்மா" என்றாராம். போதுமா? எத்தனை போட வேண்டும்?
– வாசகி, கீழக்கரை

உயிரோடு இருக்கப் போதும், எலும்பு தேறப் போதாது. கெக்கோவின் உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் சரிக்குச் சரியாகவோ, கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். பூச்சிகளில் இது தலைகீழ். சுவர்க்கோழியில் (கடையில் கிரிக்கெட் என்பார்கள்) கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஏறக்குறைய ஏழு பங்கு. மீல்வார்ம் அதைவிட மோசம். வளரும் குட்டிக்கு இதை மட்டுமே போட்டால், உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை ரப்பர் மாதிரி ஆவதும், கால் வளைவதும் அதனால்தான்.

கொழுப்புக் கணக்கையும் பாருங்கள். உயிருள்ள பூச்சியின் எடையில் கொழுப்பு சுவர்க்கோழியில் 7 சதவீதம், மீல்வார்மில் 13, சூப்பர்வார்ம் என்ற பெரிய புழுவில் 18, மெழுகுப்புழுவில் 25 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஆகவே அன்றாட இரைக்குச் சுவர்க்கோழி அல்லது டுபியா கரப்பான். மீல்வார்ம் வாரத்தில் இரண்டு நாள் மாற்றுக்கு. மெழுகுப்புழு பண்டிகைப் பலகாரம் மாதிரி, மாதத்துக்கு இரண்டு மூன்று போதும். அதன் ருசி பழகிவிட்டால் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கறுப்புப் படைவீரன் ஈயின் புழு கிடைத்தால் விடாதீர்கள். பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகமாக இருக்கும் அபூர்வ இரை அது.

அளவுக்கு ஒரு விதி போதும். கெக்கோவின் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிட அகலமான பூச்சியைப் போடக் கூடாது. மூன்று மாதக் குட்டிக்குத் தினமும் ஐந்திலிருந்து எட்டு சிறு பூச்சி. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, நடுத்தர அளவில் ஆறிலிருந்து எட்டு. கால் மணி நேரத்தில் தின்றது போக மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பசித்த சுவர்க்கோழி தூங்கும் கெக்கோவின் விரலையும் கண்ணோரத்தையும் கடிக்கும்.

போடுவதற்கு முன் 24 முதல் 48 மணி நேரம் பூச்சிக்கு நன்றாகத் தின்னக் கொடுங்கள். மருந்து கலக்காத முட்டைக்கோழித் தீவனம் ஒரு கைப்பிடி, நறுக்கிய முருங்கைக்கீரை, ஒரு துண்டு கேரட் அல்லது சர்க்கரைவள்ளி போதும். சந்தைக் கீரையானால் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிப் போடவும். பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தையே எந்நேரமும் போட்டு வைத்தால், அதிலுள்ள மிகுதியான கால்சியம் தாங்காமல் சுவர்க்கோழிகளே சாகத் தொடங்கும். அது கடைசி இரண்டு நாளுக்கு மட்டும்.

வீட்டுக்குப் பின்னால் வயல். வெட்டுக்கிளி, விட்டில், வண்டு எல்லாம் ஏராளம். காசு கொடுத்துப் புழு வாங்குவானேன், இவற்றைப் பிடித்துப் போட்டால் என்ன?
– வாசகர், தேவிபட்டினம்

காசு மிச்சமாகும், கெக்கோ மிஞ்சாது. மிளகாய்க்கு இலைப்பேன் மருந்து, நெல்லுக்குக் குருத்துப்பூச்சி மருந்து, பருத்திக்கு அதற்கும் மேல். மருந்தடித்த செடியைத் தின்ற வெட்டுக்கிளி உடனே செத்துவிட்டால் பரவாயில்லை, நாம் பிடிக்க மாட்டோம். அரைகுறையாக நஞ்சேறி மந்தமாகிக் கையில் சுலபமாக மாட்டுகிறதே, அதுதான் ஆபத்து. 60 கிராம் எடையுள்ள ஒரு பல்லி இப்படி நான்கைத் தின்றால் நடுக்கம், வாயில் நுரை, பின்னங்கால் இழுப்பு என்று அன்றிரவே தெரியும். உங்கள் வயலில் அடிக்கவில்லை என்பது கணக்கில் வராது. வெட்டுக்கிளிக்கு வரப்பு தெரியாது.

மருந்து வாசனையே படாத இடத்திலும் சிலவற்றைத் தொடக் கூடாது. நம் கரையோரத்தில் எங்கு பார்த்தாலும் எருக்கு. அதில் உட்கார்ந்திருக்கும் நீலப்பச்சையும் மஞ்சளும் பட்டை போட்ட தடித்த வெட்டுக்கிளியைப் பார்த்திருப்பீர்கள். எருக்கம்பாலிலுள்ள இதயத்தைத் தாக்கும் நஞ்சை அது உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் குஞ்சைக் கையில் பிடித்தால் சாறு பீய்ச்சும். எருக்கில் மேயும் வரிப்புழுவுக்கும், அதிலிருந்து வரும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிக்கும் இதே கதைதான்.

பயறுச் செடிப் பூவில் மொய்க்கும், கறுப்பில் சிவப்புப் பட்டை போட்ட நீள வண்டு இன்னொன்று. அதன் சாறு பட்டால் நம் தோலே கொப்பளிக்கும், பல்லியின் குடல் என்னாகும்? மின்மினியை ஒன்றுகூடப் போடாதீர்கள். வெளிநாட்டில் வளர்ப்புத் தாடி ஓணான்கள் மின்மினி தின்று இறந்தது பதிவாகியிருக்கிறது. தேரை உடம்பில் இருப்பதை ஒத்த நஞ்சு அதில் உண்டு. மரவட்டை, பூரான், கம்பளிப்பூச்சி, எறும்பு, குளவி ஆகியவற்றுக்கும் இடமில்லை. பளிச்சென்ற நிறத்தோடு, ஆளைக் கண்டு ஓடாமல் உட்கார்ந்திருக்கும் பூச்சியைப் பிடிக்காதே என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

வெளிப்பூச்சியே கூடாதா என்றால், ஒரே ஒரு வழி இருக்கிறது. பத்து இருபது சுவர்க்கோழியைப் பிடித்து, அவற்றைப் போடாமல், தனிப் பெட்டியில் வைத்து முட்டையிட விட்டு, பொரிக்கும் அடுத்த தலைமுறையைப் போடலாம். மருந்துப் பயம் பெரும்பாலும் நீங்கும், ஒட்டுண்ணிப் பயமும் வெகுவாகக் குறையும். இரண்டு மாதப் பொறுமை வேண்டும்.

ஐப்பசி மழைக்கு ஈசல் அள்ளலாம் போலக் கிளம்புகிறது. நாமே வறுத்துத் தின்கிறோம், கெக்கோவுக்கு ஆகாதா?
– வாசகர், சாயல்குடி

ஆகும், இடம் பார்த்து. வெட்டவெளிப் புற்றிலிருந்து கிளம்பியதானால், இறகை உதிர்த்துவிட்டு ஐந்தாறு போடலாம். கொழுப்பு மிகுதி, ஆகவே மழைக்கு ஒன்றிரண்டு நாள் போதும். வீட்டுச் சுவரோரம், கடைக்கால், மரச்சாமான் கிடங்கு பக்கம் கிளம்பும் ஈசல் வேண்டாம். கறையானுக்கு அங்கே மருந்து ஊற்றியிருப்பார்கள், அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விளக்கடியில் வாரும்போது கூடவே வேறு வண்டும் வரும், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள். அள்ளிப் பைக்குள் போட்டு மறுநாள் எடுத்தால் பாதி செத்துக் கெட்டிருக்கும். அதைக் கோழிக்கும் போடாதீர்கள்.

பார்சலில் வரும் சுவர்க்கோழி வாங்கி வைத்தால் இரண்டாம் நாள் விடிவதற்குள் பாதிக்கு மேல் செத்துக் கிடக்கிறது. மூன்று முறை ஆகிவிட்டது. அனுப்பியவர் "எங்களிடம் நன்றாகத்தான் இருந்தது" என்கிறார். யார் மேல் குறை?
– வாசகர், தங்கச்சிமடம்

செத்தது எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தால் யார் மேல் குறை என்பது பாதி தெரிந்துவிடும்.

மல்லாந்து கிடந்து, காலை உதறி உதறி, தொட்டால் துள்ளி மறுபடி மல்லாந்தால் அது பூச்சிமருந்து. உங்கள் கடிதத்தில் "விடிவதற்குள்" என்றிருப்பதைப் பார்த்தால் எங்கள் முதல் சந்தேகம் கொசுச் சுருள் அல்லது பிளக்கில் செருகும் கொசு மருந்து மேல்தான். கொசுவைக் கொல்லும் அதே பைரித்ராய்டு வகை மருந்துதான் சுவர்க்கோழியையும் கொல்கிறது. சுவர்க்கோழிக்கு நம்மைப் போலத் தாங்கும் உடம்பு கிடையாது. பெட்டி இருக்கும் அறையிலும், காற்று நேராக வரும் பக்கத்து அறையிலும் கொசு மருந்து கூடாது. கெக்கோ இருக்கும் அறைக்கும் இது பொருந்தும். தெருவில் புகை மருந்து அடிக்க வரும் நாளில் ஜன்னலைச் சாத்தி, பெட்டி மேல் ஈரத்துணி போட்டு மூடி, புகை அடங்கியதும் எடுங்கள். கையில் கொசு விரட்டிக் களிம்பு தடவிக்கொண்டு பெட்டிக்குள் கைவிடுவதும் இதே வேலையைச் செய்யும். எறும்பு வராமலிருக்கப் பெட்டியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் கோடு கிழிப்பவர்களும் உண்டு. அந்தச் சாக்கில் இருப்பதும் அதே இன மருந்துதான். அதற்குப் பதில் பெட்டியை நான்கு கிண்ணத் தண்ணீரில் கால் வைத்த பலகை மேல் வையுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் எறும்பு நீந்தி வராது.

கும்பலாக மூலையில் நனைந்து செத்து, மூடியைத் திறந்ததும் மூக்கில் காரம் ஏறினால் அது புழுக்கம். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா போக வழியில்லாமல் கொன்றிருக்கிறது. பாம்பன் பக்கக் காற்றில் இயல்பாகவே ஈரம் மிகுதி. மூடியில் ஊசித் துளை நான்கு போட்டு வைப்பது மதுரைக்குச் சரிப்படலாம், உங்களுக்குச் சரிப்படாது. 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் பெட்டி எடுத்து, மூடியில் 20 × 15 செ.மீ., எதிரெதிர்ப் பக்கங்களில் 10 × 10 செ.மீ. வெட்டி எவர்சில்வர் வலை ஒட்டுங்கள். நைலான் கொசுவலையை ஒரே இரவில் கடித்துவிடும். இரும்பு வலை உப்புக்காற்றில் மூன்று மாதத்தில் துருப்பிடித்து உதிரும். உள்ளே முட்டை அட்டைகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தவும், எச்சம் கீழே விழுந்துவிடும். அட்டையை ஒரு நாள் வெயிலில் காயவைத்துப் போடுங்கள். கோழி எச்சம் ஒட்டியதை எடுக்கவே வேண்டாம். இந்த அளவுப் பெட்டிக்கு நடுத்தரச் சுவர்க்கோழி 200, அதற்கு மேல் கூடாது. அடிப்பக்கத்தை மூன்று நாளுக்கு ஒரு முறை துடையுங்கள்.

குஞ்சுகள் மட்டும் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் செத்திருந்தால் மூழ்கியிருக்கின்றன. கிண்ணமே வேண்டாம். ஈரப் பஞ்சுத் துண்டு போதும், தினமும் மாற்ற வேண்டும். தலையும் வயிறும் இல்லாமல் கால் மட்டும் சிதறியிருந்தால் தாகத்திலோ புரதப் பற்றாக்குறையிலோ ஒன்றையொன்று தின்றிருக்கின்றன.

வந்த பெட்டியைப் பிரித்த அன்றே பாதி செத்திருந்தால் மட்டும் அனுப்பியவரையும் வெயிலையும் குறை சொல்லலாம். சித்திரை, வைகாசியில் பகல் பேருந்துப் பார்சல் வேண்டாம். இரவில் ஏற்றி விடியலில் இறக்கும்படி சொல்லுங்கள். செத்ததையும் மந்தமாக இருப்பதையும் அப்போதே ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு ஒரு நாள் தீனியும் தண்ணீரும் கொடுத்த பிறகே கெக்கோவுக்குப் போடவும். காரணம் தெரியாமல் கூட்டமாகச் செத்தால் உயிரோடிருக்கும் மிச்சத்தையும் போடாதீர்கள். அதற்கும் மனசு வர வேண்டும், காசு கொடுத்தது அல்லவா.

கால்சியம் பவுடர் டப்பா விலை கட்டுப்படியாகவில்லை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு தடவலாமா? கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொடி செய்யலாம் என்றும் ஒருவர் சொன்னார்.
– வாசகி, மண்டபம்

முதலாவது கூடவே கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு, கடுங்காரம். அதிகமானால் நம் நாக்கே வெந்துபோகிறது. கெக்கோவின் வாயும் தொண்டையும் புண்ணாகி அது தீனியையே வெறுத்துவிடும். நமக்கு வேண்டியது கால்சியம் கார்பனேட்.

இரண்டாவது நல்ல யோசனை. சித்த மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் இந்தக் கணவாய் ஓடுதான். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், பாஸ்பரஸ் மிகக் குறைவு. சிக்கல் உப்பில் இருக்கிறது. வெள்ளையான, தார் ஒட்டாத, முழு ஓடாகப் பொறுக்குங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, அவை தேசியப் பூங்கா. நம் கரையில் ஒதுங்குவது போதும். நல்ல தண்ணீரில் நான்கு நாள் ஊறப்போட்டு, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். நல்ல தண்ணீர் என்றால் காவிரிக் கூட்டுக் குடிநீர் அல்லது கேன் தண்ணீர். உப்பேறிய ஆழ்துளைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பெடுக்க முடியாது. பிறகு இருபது நிமிடம் கொதிக்கவைத்து, மொறுமொறு என்று ஆகும்வரை வெயிலில் காயவிடுங்கள். ஓர் ஓரத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் இன்னும் இரண்டு நாள் ஊற வேண்டும்.

ஓட்டின் ஒரு பக்கம் நகம் மாதிரிக் கெட்டியாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். மறுபக்கத்து மெத்தென்ற பாகத்தைக் கத்தியால் சுரண்டி, மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலிக்கவும். விரலிடையில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி இருக்க வேண்டும். நறநறவென்றிருந்தால் பூச்சி மேல் ஒட்டாது.

பூசுவதற்கு ஒரு டம்ளரில் கால் தேக்கரண்டிப் பொடியைப் போட்டு, பூச்சிகளைப் போட்டு, இரண்டு சுழற்று சுழற்றினால் போதும், வெள்ளை பூத்து நிற்கும். உடனே கூண்டில் விடுங்கள். கால் மணி நேரம் தாமதித்தால் சுவர்க்கோழி தன் உடம்பைத் தானே துடைத்துப் பொடியை உதறிவிடும். குட்டிக்கு ஒவ்வொரு வேளையும் கால்சியம் பூசலாம்.

டப்பாச் செலவு முழுதாக மிச்சமாகாது. ஓட்டில் டி3 வைட்டமின் இல்லை, அது இல்லாமல் குடல் கால்சியத்தை உறிஞ்சாது. புறஊதா விளக்கு வைக்காத வீடானால், டி3 கலந்த கடைப் பொடியை வாரம் இரண்டு முறை பூசியே ஆக வேண்டும். அதைத் தினமும் பூசினால் டி3 மிகுந்துபோய் வேறு தொல்லை. ஆக, சிறிய டப்பா ஒன்று டி3க்காக, அன்றாடத்துக்குக் கணவாய் ஓடு. மாட்டுக்கு வாங்கும் டைகால்சியம் பாஸ்பேட்டைப் பூசாதீர்கள், எந்தப் பாஸ்பரஸ் அதிகம் என்று சொல்கிறோமோ அதையே கூட்டும்.

மீல்வார்ம் பெட்டியின் சுவரில் வெள்ளை மாவு படிந்தது போலிருக்கிறது. உற்றுப் பார்த்தால் மாவு நகர்கிறது! கெக்கோவுக்குத் தொற்றுமா?
– வாசகர், தொண்டி

அது தவிட்டுச் செள்ளு. பல்லியின் இரத்தம் குடிக்காது, ஆனால் புழுவின் தீனியையும் உடம்பையும் கெடுத்து, இரண்டு வாரத்தில் பெட்டியை நாற வைத்துவிடும். கெக்கோவின் கண்ணோரத்திலும் கக்கத்திலும் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஊர்ந்தால் அது வேறு, அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செள்ளு பெருகக் காரணம் ஈரம். ஈரத்துக்காகப் போட்ட உருளைக்கிழங்கை ஒரு வாரம் அப்படியே விட்டிருப்பீர்கள். தவிட்டையெல்லாம் கொட்டிவிட்டுப் புழுக்களைச் சல்லடையில் சலித்தெடுங்கள். பெட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். புதுக் கோதுமைத் தவிட்டைக் கடாயில் சிறு தீயில் பத்து நிமிடம், கை பொறுக்காத சூடு வரும்வரை புரட்டி ஆறவிட்டு, மூன்று விரற்கடை உயரம் நிரப்பவும். வாங்கிய தவிட்டோடுதான் செள்ளு வருகிறது, வறுக்காமல் போட்டால் மறுபடி அதே கதை. கேரட்டை ஒரு மூடியின் மேல் வைத்து, காலையில் போட்டு மாலையில் எடுங்கள். மிச்சமிருக்கும் செள்ளு கேரட்டில் ஏறும், அதோடு வெளியே போகும். பெட்டிக்கு மூடி வேண்டாம். புழு வழவழப்பான சுவரில் ஏறாது.

வீட்டில் ஒப்புக்கொண்டால் குளிர்பதனப் பெட்டியின் கதவுப் பக்கம் 8–10 டிகிரியில் வைக்கலாம், மாதக்கணக்கில் கூட்டுப்புழு ஆகாமல் கிடக்கும். வாரத்துக்கு ஒரு நாள் வெளியில் எடுத்துத் தீனி போடுங்கள். சூப்பர்வார்மைக் குளிரில் வைத்தால் செத்துவிடும்.

கடற்கரை ஈர மணலில் துள்ளும் சிறு பூச்சி, கருவாட்டில் வைக்கும் புழு, பொடி இறால் இவற்றில் ஏதாவது?
– வாசகர், பாம்பன்

மூன்றும் வேண்டாம். மணலில் துள்ளுவது பூச்சியல்ல, இறாலுக்கு உறவு. உடம்பெல்லாம் கடலுப்பு. லெப்பர்ட் கெக்கோ வறண்ட நிலத்துப் பிராணி, அந்த உப்பை அதன் சிறுநீரகம் தாங்காது. கருவாட்டுப் புழுவிலும் அதே உப்பு, போதாததற்கு ஈ வராமலிருக்க மருந்து தெளித்த கருவாடாகவும் இருக்கலாம். இறால் அசையாவிட்டால் கெக்கோ அதைத் தீனியாகவே மதிக்காது. கடற்கரை மணலைக் கூண்டில் பரப்புபவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: பூச்சியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். செய்தித்தாளோ டிஷ்யூத் தாளோ விரியுங்கள்.

டுபியா என்று விற்பதும் கரப்பான்தானே? சமையலறையில் ஓடுவதைப் பிடித்துப் போட்டால் என்ன வித்தியாசம்?
– வாசகர், ஏர்வாடி

எங்கே நடந்தது, எதைத் தின்றது என்பதுதான் வித்தியாசம். வீட்டுக் கரப்பான் சாக்கடையில் புரண்டு, சால்மோனெல்லாக் கிருமியையும் குடற்புழு முட்டையையும் சுமந்துகொண்டு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று அடித்த மருந்தையும் தின்றிருக்கும். டுபியா பெட்டியிலேயே பிறந்து வளர்ந்தது. சத்தமில்லை, நாற்றம் குறைவு, கண்ணாடியில் ஏறாது. ஆணுக்கு இறகு இருந்தாலும் பறந்து திரியாது. நம் ஊர்ச் சூடு அதற்குத் தோதானது, 28–32 டிகிரி போதும். சுவர்க்கோழி அளவுக்குப் புழுக்கத்துக்கு அஞ்சாது. பாம்பன், மண்டபம் போன்ற ஊர்களுக்கு எங்கள் ஓட்டு டுபியாவுக்கே.

குறை ஒன்றுதான், நிதானம். முட்டைக் கூட்டை வயிற்றிலேயே வைத்திருந்து, ஒரு தடவைக்கு இருபது முப்பது குஞ்சு ஈனும். குஞ்சு பருவத்துக்கு வர நான்கிலிருந்து ஆறு மாதம். ஆகவே ஐம்பது பெரியதை வாங்கி, முதல் ஆறு மாதம் அவற்றிலிருந்து எடுக்காமல் விட்டால்தான் பெட்டி நிலைக்கும். மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண் கணக்கு. இது வெளிநாட்டுப் பிராணி, வேண்டாமென்றால் குப்பையில் விடாதீர்கள். இரண்டு நாள் உறைகுளிரில் வைத்துக் கொன்று அப்புறப்படுத்தவும்.

சூப்பர்வார்ம் பல்லியின் வயிற்றைக் கடித்துத் துளைத்து வெளியே வருமாமே?
– வாசகி, தங்கச்சிமடம்

வராது. மென்று விழுங்கிய புழு அமிலத்தில் சில நிமிடம்கூடத் தாங்காது. செத்த பல்லியின் மேல் ஊரும் புழுவைப் பார்த்து யாரோ கட்டிய கதையாக இருக்கும். ஆனால் விழுங்குவதற்கு முன் உதட்டைக் கடிக்கும், அது உண்மை. நோயில் மெலிந்த கெக்கோவுக்குப் போடும்போது புழுவின் தலையை இடுக்கியால் நசுக்கிவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சூப்பர்வார்மே வேண்டாம்.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் வால் மெலிந்துகொண்டே போகிறது. இரையில் கோளாறா? மேலும், இதை வைத்திருக்க அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?
– வாசகர், ராமநாதபுரம்

முதலில் சூடு பாருங்கள். வெப்பப் பக்கத் தரை 31–33 டிகிரி இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. சூடு சரியாக இருந்தும் வால் குச்சியாகிறது என்றால் குடல் ஒட்டுண்ணிச் சந்தேகம் வலுக்கிறது. கூண்டில் மிஞ்சிய சுவர்க்கோழி கெக்கோவின் எச்சத்தைத் தின்னும், அந்தச் சுவர்க்கோழியைக் கெக்கோ தின்னும், ஒட்டுண்ணி சுற்றிச் சுற்றிப் பெருகும். சிகிச்சை முடியும்வரை இரையைக் கூண்டுக்குள் அவிழ்த்துவிடாமல் இடுக்கியிலோ, வழவழப்பான கிண்ணத்திலோ மட்டும் கொடுங்கள். இரண்டு கெக்கோ இருந்தால் ஒன்று மிச்சம் வைத்த பூச்சியை மற்றதற்குப் போடாதீர்கள். கூண்டைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவவும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கூண்டுப் பக்கம் விடாதீர்கள், காரணம் சால்மோனெல்லா.

அனுமதி விஷயம்: நம் காட்டிலும் வீட்டிலும் திரியும் உள்நாட்டுப் பல்லி எதையும் பிடித்து வளர்க்க வேண்டாம். வெளிநாட்டு இனங்களில் சைட்டிஸ் (அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை, 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024இல் வந்த விதிகளின்படியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்களிடம் இருப்பது எந்த இனம் என்பதை விற்றவரின் ரசீதோடு மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது கெக்கோவை மட்டும் கொண்டுபோனால் பாதி வேலைதான் நடக்கும். திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கோ, ஊர்வன பார்க்கும் தனி மருத்துவரிடமோ போவதானால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். அன்று காலை இட்ட எச்சத்தை, காய்வதற்கு முன், சிறு மூடி டப்பாவில் இரண்டு சொட்டுச் சுத்தத் தண்ணீரோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டியில் நேரடியாக வைக்காமல் துணி சுற்றிக் குளிர்ச்சியாக வைத்து அன்றே சேர்க்க வேண்டும். வெள்ளையாக இருப்பது சிறுநீர் உப்பு. பழுப்பாக இருக்கும் பாகம்தான் சோதனைக்கு வேண்டும். ஒரு சமையல் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்த எடையையும், என்ன பூச்சி எத்தனை போட்டீர்கள் என்பதையும் தாளில் குறித்து எடுத்துப் போனால், மருத்துவர் கேட்கும் முதல் மூன்று கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.